இயந்திரம் வந்தால் மட்டும் போதுமா?
வகுப்பறையில் தொழில்நுட்பமும் ஆசிரியருக்கு நாம் கொடுக்கக்கூடிய துணையும்

நீர் இறைக்கும் இயந்திரத்தோடு சீவித்த எந்தக் கமக்காரக் குடும்பத்துக்கும் ஓர் உண்மை தெரியும். இயந்திரத்தை வாங்குவது ஒரு நாள் அலுவல். அதை ஓடவைத்துக்கொண்டிருப்பது வருடக்கணக்கான அலுவல். மண்ணெண்ணெய் வேண்டும், பிளக் வேண்டும், வாசர் வேண்டும். பழுதானால் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இயந்திரம் சாக்கால் மூடப்பட்டுக் கிணற்றடியில் கிடக்கும், பயிர் வாடும்.

பாடசாலைகளுக்கு வந்து சேரும் கணினிகளும், புறொஜெக்டர்களும், திறன் பலகைகளும் இதே விதிக்கு உட்பட்டவைதான். கொடையாளி வருவார், நாடா வெட்டுவார், படம் எடுப்பார்கள். மூன்றாம் தவணை முடிவதற்குள் அந்த அறை பூட்டிக் கிடக்கும். திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள் இருக்கும். "பிள்ளைகள் உடைத்துப்போடுவார்கள்" என்பது ஒரு காரணம். "படிப்பிக்கத் தெரிந்த சேர் மாற்றலாகிப் போய்விட்டார்" என்பது இன்னொரு காரணம்.

இதைப்பற்றி இடம்பெயர்ந்தும் மீளக் குடியமர்ந்தும் வாழும் கமக்காரக் குடும்பங்களாகிய நாம் ஏன் யோசிக்க வேண்டும்? நமது பிள்ளைகளின் கல்வியில் விழுந்திருக்கும் ஓட்டைகள் மற்றப் பிள்ளைகளுடையவற்றைவிடப் பெரியவை. இரண்டு, மூன்று பாடசாலைகள் மாறியவர்கள் அவர்கள். ஒரு பாடசாலையில் பின்னம் தொடங்க முதல் வெளிக்கிட்டு, அடுத்த பாடசாலையில் பின்னம் முடிந்த பிறகு போய் இருந்தவர்கள். வெங்காயம் கிண்டும் காலத்திலும் மிளகாய் ஆயும் காலத்திலும் வகுப்பைத் தவறவிடுபவர்கள். இந்த ஓட்டைகளை அடைப்பதற்குத் தொழில்நுட்பம் உண்மையாகவே உதவலாம். ஆனால் அது ஆசிரியர் என்ற கையின் வழியாகத்தான் உதவும். அந்தக் கைக்குப் பலம் கொடுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெரிய வாக்குறுதிகள்

புதிய சாதனம் ஒன்று வந்தவுடன் "இனிப் பாடசாலையே மாறிவிடும்" என்று சொல்வது நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். 1913ஆம் ஆண்டிலேயே, சலனப்படக் கருவியை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவரான தோமஸ் எடிசன், பாடசாலைகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துபோகும் என்று கூறினார். பிறகு வானொலியைப்பற்றிச் சொன்னார்கள், தொலைக்காட்சியைப்பற்றிச் சொன்னார்கள், கணினியைப்பற்றிச் சொன்னார்கள். புத்தகமும் வெண்கட்டியும் இன்னும் இருக்கின்றன.

மிகப் பெரிய பரிசோதனைகளில் ஒன்று தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் நடைபெற்றது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தின் கீழ் 2008ஆம் ஆண்டு முதல் அங்கே எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சிறிய மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் அவை ஏழைக் கிராமப் பாடசாலைகளுக்கே போயின. 319 கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளை எடுத்து ஆராய்ந்த ஆய்வு ஒன்றை அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கி 2012ஆம் ஆண்டு வெளியிட்டது. பிள்ளைகள் கணினியை முன்னரைவிடப் பல மடங்கு பயன்படுத்தினார்கள். ஆனால் கணிதத்திலும் மொழியிலும் அவர்களின் புள்ளிகள் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது. பாடம் படிப்பிக்கும் முறை மாறவில்லை என்பதே இதற்குக் காட்டப்பட்ட முக்கிய காரணம்.

இதிலிருந்து கணினி கெட்டது என்று முடிவு கட்டக்கூடாது. விதை நெல்லைக் கொடுத்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் விடாதவர், விதையைக் குறை சொல்ல முடியாது.

நமது கைகளில் இருந்த தொழில்நுட்பம்

தொழில்நுட்பம் என்றவுடன் பளபளக்கும் பெட்டி ஒன்றையே நாம் நினைக்கிறோம். நமது சனங்கள் ஏற்கெனவே செய்து காட்டியவற்றைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

1990ஆம் ஆண்டில் யாழ். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தால் வானொலி கேட்டோம். சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாட் கொடுக்கும். நான்கு பற்றரி போடும் வானொலிக்கு வேண்டியதும் 6 வோல்ற்தான். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம் என்பதால் இடையில் டயோட் பூட்ட வேண்டும் என்பதை ஊர்ப் பொடியன்கள் விளங்கிவைத்திருந்தார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, அந்தச் சிறிய சுடரில் க.பொ.த. பரீட்சைக்குப் படித்தார்கள்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது பாடசாலைகளும் சேர்ந்து இடம்பெயர்ந்தன. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலையும் பின்னேரம் இன்னொரு பாடசாலையும் நடந்தன. மரத்தடியிலும் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. 2009ஆம் ஆண்டு மெனிக் பாம் முகாம்களிலும் ஆசிரியர்கள் கூடாரங்களுக்குள் படிப்பித்தார்கள். பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள்.

இந்த அனுபவங்கள் சொல்வது ஒன்றுதான். பொருள் குறைவாக இருந்த இடத்தில் ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து நின்றபோது கல்வி நடந்தது. பொருள் கூடிய இன்றைய நாளில் அந்தச் சேர்ந்து நிற்றலை விட்டுவிட்டால், பொருளும் வீணாகும்.

வானொலி காட்டிய வழி

பணம் குறைந்த இடங்களில் தொழில்நுட்பம் வெற்றி கண்ட கதைகளும் உண்டு. 1970களின் நடுப்பகுதியில் நிக்கராகுவா நாட்டில், ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தினரின் உதவியோடு, ஆரம்ப வகுப்புகளுக்கான கணிதப் பாடங்கள் வானொலியில் நடத்தப்பட்டன. அங்கே வானொலி பேசிக்கொண்டே போகவில்லை. ஒரு கேள்வி கேட்கும், சில விநாடி நிற்கும், பிள்ளைகள் ஒன்றாகச் சத்தமாக விடை சொல்வார்கள், பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். எழுதச் சொல்லும், கற்களை எண்ணச் சொல்லும், எழுந்து நிற்கச் சொல்லும். ஆசிரியர் வகுப்பைச் சுற்றி நடந்து, யார் பின்தங்குகிறார் என்று பார்த்துத் திருத்துவார். இம்முறையில் படித்த பிள்ளைகள் வழமையான வகுப்புப் பிள்ளைகளைவிடக் கணிதத்தில் நன்றாகச் செய்தார்கள்.

ஆபிரிக்காவின் சாம்பியா நாட்டில் 2000ஆம் ஆண்டில் இதே வழியில் ஒரு வானொலிக் கல்வித் திட்டம் தொடங்கியது. எயிட்ஸ் நோயினால் பெற்றோரை இழந்த பிள்ளைகளும், பாடசாலை தூரமாக இருந்த பிள்ளைகளும் அதில் படித்தார்கள். இடம் ஒழுங்கு செய்தது ஊர்ச் சனம். தேவாலயங்களும் ஊர் மண்டபங்களும் மரநிழல்களும் வகுப்பறைகளாயின. பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லாத இடத்தில் ஊரே ஒருவரைத் தெரிவுசெய்து வழிகாட்டியாக அமர்த்தியது. ஒவ்வொரு பாடமும் அரை மணித்தியாலம்.

இவ்விரண்டிலும் சாதனம் மலிவானது. ஆனால் மூன்று காரியங்கள் சரியாகச் செய்யப்பட்டன. பாடம் வகுப்பறைக்காகவே கவனமாகத் தயாரிக்கப்பட்டது. ஆசிரியர் எந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது. ஊர்ச் சனம் தன் பங்கைச் செய்தது.

2020ஆம் ஆண்டு நமக்குத் தெரியவந்தவை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா காரணமாக நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களைத் தொடங்கினார்கள், சூம் வகுப்பு எடுத்தார்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கென முன்கூட்டிப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். போனும் அவர்களுடையது, டேற்றாவும் அவர்களுடைய காசு. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையிலும் மரத்திலும் ஏறிய படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஒரு போனும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில், க.பொ.த. எழுதும் மூத்த பிள்ளைக்கே போன் போனது. சின்னப் பிள்ளைகள் விடுபட்டார்கள். தகப்பன் கூலி வேலைக்குப் போனைக் கொண்டுபோன வீட்டில் எல்லாப் பிள்ளைகளுமே விடுபட்டார்கள்.

2021ஆம் ஆண்டு ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கும்படி கேட்டு இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகி நின்றன. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன.

இந்த மூன்று வருடங்களும் சொல்லித் தந்த பாடத்தை மறந்துவிடக்கூடாது. ஆசிரியரின் சொந்தக் காசிலும் சொந்த நேரத்திலும் தங்கியிருக்கும் ஏற்பாடு நீடிக்காது. வசதியுள்ள வீட்டுக்கு மட்டும் எட்டும் ஏற்பாடு நமது பிள்ளைகளை இன்னும் பின்னே தள்ளும்.

ஆசிரியருக்கு உண்மையில் வேண்டியது எது?

நமது விவசாயப் போதனாசிரியர்களின் வேலையை எண்ணிப் பாருங்கள். மண்டபத்தில் ஒரு நாள் வகுப்பு வைத்து, புதிய இனம் ஒன்றைப்பற்றிப் பேசி அனுப்பினால் எத்தனை பேர் ஊருக்குப் போய் அதைச் செய்வார்கள்? ஆனால் அயலிலுள்ள ஒருவரின் காணியில் முன்மாதிரித் தோட்டம் போட்டு, போதனாசிரியர் கிழமைக்கு ஒருமுறை வந்து வரப்பில் நின்று, "இந்த இலையைப் பார், இது பூச்சியின் வேலை இல்லை, பசளைக் குறை" என்று காட்டிக்கொடுத்தால், அடுத்த போகத்தில் பத்துப் பேர் செய்வார்கள்.

ஆசிரியரும் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார். ஐக்கிய அமெரிக்காவில் புரூஸ் ஜோய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு கல்வியாளர்கள் 1980களில் இதை விளக்கினார்கள். விரிவுரையும் செய்முறைக் காட்டலும் மட்டும் பெற்ற ஆசிரியர்களில் மிகச் சிலரே அதைத் தம் வகுப்பறைக்குக் கொண்டுபோனார்கள். வகுப்பறையிலேயே கூட நின்று கைகொடுக்கும் துணையாளர் கிடைத்தபோதுதான் புதிய முறை நிலைத்தது.

யுனெஸ்கோ நிறுவனம் கல்வியில் தொழில்நுட்பம் பற்றி 2023ஆம் ஆண்டு ஓர் உலக அறிக்கை வெளியிட்டது. தகவல் தொழில்நுட்பத்தில் ஆசிரியர்களுக்கு என்ன திறமைகள் வேண்டும் என்று வரையறை வைத்திருப்பவை உலக நாடுகளில் ஏறக்குறையப் பாதிதான் என்று அது சொல்கிறது. ஆகவே குறை நமது ஊரில் மட்டும் இல்லை.

ஆசிரியருக்கு வேண்டியவற்றை ஐந்தாகச் சொல்லலாம்.

முதலாவது, நேரம். ஒரு பாடத்தைப் புதிய முறையில் தயாரிக்க மூன்று பாடவேளை செல்லும். ஐந்து வகுப்புகளை ஓடி ஓடிப் பார்க்கும் ஆசிரியருக்குக் கிழமையில் ஓரிரு பாடவேளை ஓய்வாக ஒதுக்கினால்தான் இது நடக்கும்.

இரண்டாவது, பக்கத்தில் ஒரு துணை. வலயக் கல்வி அலுவலகத்தில் உள்ள ஆசிரிய ஆலோசகர் தவணைக்கு ஒருமுறையாவது வகுப்பறைக்குள் வந்து இருக்க வேண்டும். அயற் பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து மாதம் ஒருமுறை கூடி, "நான் இதைச் செய்தேன், இப்படி முடிந்தது" என்று பேசலாம். இதற்குப் பெருஞ் செலவு இல்லை.

மூன்றாவது, திருத்துபவர். ஒரு வயர் கழன்றதற்காக ஒரு வருடம் பூட்டிக் கிடக்கும் அறைகள் உண்டு. ஊரில் வானொலி, போன் திருத்தும் இளைஞர் ஒருவரை மாதம் ஒருமுறை பாடசாலைக்கு வரச் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான்காவது, பிழைக்க விடும் மனம். புறொஜெக்டர் வேலை செய்யாமல் பாடம் குழம்பிய அன்று அதிபரும் பெற்றோரும் சிரித்தால், அந்த ரீச்சர் மறுபடி அதைத் தொடமாட்டார். உடைந்தால் சம்பளத்தில் வெட்டுவோம் என்று பயமுறுத்தினால் ஒருவரும் அறையைத் திறக்கமாட்டார்கள்.

ஐந்தாவது, பாடத்தோடு பொருந்திய பொருள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் மூன்று மொழிகளிலும் பாடங்கள் உள்ளன. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் கைந்நூல்களையும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் இலவசமாக இறக்கி எடுக்கலாம். ஆனால் இணையம் இல்லாத ஊரில் இருக்கும் ஆசிரியருக்கு இவற்றை இறக்கி, ஒரு மெமரி கார்ட்டில் போட்டுக் கையில் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

மூன்று பயன்கள், மூன்று எளிய வழிகள்

வகுப்பறையில் எதற்காகத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நமது பாடசாலைகளுக்கு மூன்று தேவைகள் முக்கியமானவை.

ஒன்று, தவறிய பாடத்தை மீளக் கேட்பது. ஆசிரியர் பத்து நிமிடப் பாடச் சுருக்கத்தைப் போனில் குரலாகப் பதிவுசெய்து வைத்தால், அறுவடைக்குப் போன பிள்ளையும், இடையில் வந்து சேர்ந்த பிள்ளையும் அதைப் பின்னேரம் கேட்டு ஓட்டையை அடைக்கலாம்.

இரண்டு, ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்ப்பது. சிறிய பாடசாலைகளில் தரம் மூன்றையும் நான்கையும் ஒருவரே படிப்பிக்கிறார். தரம் மூன்று ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுப் பயிற்சி செய்யும்போது அவர் தரம் நான்கோடு முழு மனதோடு இருக்கலாம்.

மூன்று, காட்ட முடியாததைக் காட்டுவது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் இதயம் சுருங்கி விரிவதையும், எரிமலையையும், கலத்தின் உள்ளமைப்பையும் மூன்று நிமிடப் படம் விளக்கிவிடும். ஆனால் நெல் முளைப்பதைப் படத்தில் காட்டத் தேவையில்லை. அதற்கு ஈரச் சாக்கும் ஒரு பிடி விதைநெல்லும் போதும். வயலில் பார்க்கக்கூடியதை வயலில் பார்ப்பதே மேல்.

மின்சாரக் கணக்கு

எந்தச் சாதனத்தைக் கேட்பதற்கு முன்னும் அது எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று கேட்க வேண்டும். இயந்திரம் வாங்கும்போது எண்ணெய்ச் செலவு கேட்பதுபோல இதுவும் ஒரு கணக்குத்தான்.

ஒரு ஸ்மார்ட் போனை முழுதாகச் சார்ஜ் பண்ண ஏறக்குறைய 15 முதல் 20 வாட்மணி போதும். சிறிய ஒலிபெருக்கி 5 முதல் 10 வாட் எடுக்கும். மடிக்கணினி 40 முதல் 60 வாட் எடுக்கும். புறொஜெக்டர் 200 முதல் 300 வாட் எடுக்கும்.

50 வாட் சூரியப் பலகை ஒன்று நல்ல வெயில் நாளில் 150 முதல் 200 வாட்மணி வரை தரும். அதைக் கொண்டு நாலைந்து போன்களைச் சார்ஜ் பண்ணி, ஒலிபெருக்கியை மூன்று நாலு மணித்தியாலம் ஓடவிட்டு, மடிக்கணினியையும் ஒரு மணித்தியாலம் பாவிக்கலாம். அதே மின்சாரத்தில் புறொஜெக்டர் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. மாரி காலத்தில் பலகை தருவது இன்னும் குறையும்.

ஆகவே மின்சாரம் ஒழுங்காக வராத பாடசாலைக்கு முதலில் பொருந்துவது ஒலி. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, பதிவுசெய்த பாடங்கள். படம் அதற்கு அடுத்த படி.

டேற்றாக் கணக்கு

ஒரு மணி நேரச் சூம் வகுப்புக்கு 500 எம்.பி.யும் அதற்கு மேலும் செல்லும். பத்து நிமிட வீடியோ ஒன்று ஏறக்குறைய 50 முதல் 100 எம்.பி. ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்பும் பத்து நிமிடக் குரல் பதிவு இரண்டு எம்.பி. அளவில்தான் இருக்கும். அதாவது ஒரு சூம் வகுப்பின் டேற்றாவில் ஏறக்குறைய 250 குரல் பாடங்களைப் பெறலாம்.

இன்னும் ஒரு வழியும் உண்டு. இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்து, இணையமே இல்லாத பாடசாலையில் பல கணினிகளுக்கும் போன்களுக்கும் பகிர்ந்துகொடுக்கும் இலவச மென்பொருட்கள் உள்ளன. கொலிப்ரி என்பது அவற்றுள் ஒன்று. ஒரு சாதாரண மடிக்கணினி அதற்குப் போதும். ஆசிரியர் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பாடங்களைத் தாமே அதில் சேர்த்து வைக்கலாம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

"நாங்கள் படிக்காத சனம், இதில் எங்களுக்கு என்ன வேலை?" என்று நம்மில் பலர் ஒதுங்குகிறோம். வந்தேறி இருக்கும் ஊரில் பாடசாலைக் கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சமும் உண்டு. ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பிள்ளையைச் சேர்த்த ஒவ்வொரு பெற்றாருக்கும் இடம் உண்டு. அந்தக் கூட்டத்தில் கேட்கவேண்டிய கேள்விகளை இங்கே தருகிறோம்.

கணினி அறை கிழமைக்கு எத்தனை பாடவேளை திறக்கப்படுகிறது? திறப்பு யாரிடம் இருக்கிறது? அதைப் பாவிக்க எந்தெந்த ஆசிரியருக்கு யார் பழக்கிக் கொடுத்தார்கள்? பழுதானால் திருத்துவதற்கு எந்தக் காசு ஒதுக்கப்பட்டிருக்கிறது? ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் ஒரு முறை கிடைக்கிறதா?

இவற்றை ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகக் கேட்கக்கூடாது. "ரீச்சர், உங்களுக்கு என்ன குறை இருக்குது, நாங்கள் எதைச் செய்து தரலாம்?" என்று தொடங்கினால் கதவு திறக்கும்.

அடுத்து, நமது வீட்டு நிலைமையை ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும். "ரீச்சர், போனை இவன்ர தேப்பன் வேலைக்குக் கொண்டு போறார். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அனுப்புங்கோ" என்று ஒரு தாய் சொன்னால், பிள்ளை பாடம் பார்க்கவில்லை என்ற கோபம் அந்த ஆசிரியருக்கு வராது. எந்த வீட்டில் போன் உண்டு, எந்த வீட்டில் இல்லை என்று ஆசிரியரிடம் ஒரு பட்டியல் இருந்தால், அதன்படி நாலு வீட்டுக்கு ஒரு கேட்கும் குழுவை அமைக்கலாம். ஒருவர் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகள் கூடி ஒரு போனில் பாடம் கேட்பது புதிய விடயம் அல்ல. டைனமோ வானொலியைச் சுற்றி அயலே கூடியிருந்த காலத்தை நாம் மறக்கவில்லை.

வேலைப் பங்கும் உண்டு. சூரியப் பலகையைக் கூரையில் பூட்டுவது, அலுமாரிக்குப் பூட்டுப் போடுவது, மழை ஒழுக்கை அடைப்பது, பற்றரித் தண்ணீர் பார்ப்பது, கறையானில் இருந்து வயர்களைக் காப்பது எல்லாம் நமக்குத் தெரிந்த வேலைகள். பெரிய வகுப்பு மாணவர் இருவரைப் பொறுப்பாக வைத்து, காலையில் எடுத்துக் கொடுப்பதும் பின்னேரம் எண்ணி வைப்பதும் அவர்கள் கடமை என்று ஆக்கினால் களவும் குறையும், உடைவும் குறையும்.

ஆசிரியரின் குடும்ப நேரத்தையும் மதிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு "சேர், நாளைக்கு என்ன வீட்டுவேலை?" என்று செய்தி அனுப்பும் பழக்கம் நல்லதல்ல. தூர இடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஆசிரியருக்கும் வீடு வாசல் உண்டு. கேள்வி கேட்பதற்கு ஒரு நேரத்தைக் கூட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

கவனமாக இருக்கவேண்டியவை

வகுப்புக் குழுவில் பிள்ளைகளின் படங்களையும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்களையும் பரவ விடக்கூடாது. குழுவில் பெற்றாரின் இலக்கம் இருப்பதே பாதுகாப்பானது. முன்பின் தெரியாத இலக்கத்திலிருந்து செய்தி வந்தால் பிள்ளை பயப்படாமல் நம்மிடம் சொல்லும்படி முதலிலேயே பேசி வைக்க வேண்டும்.

பாடத்துக்கு என்று வாங்கிய போன் விளையாட்டுப் பெட்டியாக மாறுவதையும் காண்கிறோம். பாடம் முடிந்ததும் போனைப் பெரியவர்களிடம் திருப்பித் தருவது வீட்டு ஒழுங்காக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, கடன்பட்டு விலை கூடிய போன் வாங்கத் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்கிறோம். விதைக்கு வைத்த காசையும், தாலிக்கொடியையும் இதற்காக அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் படிப்புக்கு முதல் தேவை ஒவ்வொரு நாளும் பாடசாலைக்குப் போவதும், வாசிக்கத் தெரிவதும், பசியில்லாமல் இருப்பதும்தான். போன் இவற்றுக்குப் பின்னர் வருவது.

ஒரு தவணைக்கான தொடக்கம்

பெரிய திட்டம் போட்டு நிற்காமல், வரும் தவணையில் ஒரே ஒரு பாடத்தை எடுப்போம். கணிதமோ தமிழோ ஆசிரியர் தெரிவுசெய்யட்டும். மனமுள்ள ஓர் ஆசிரியர், ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி போதும். கிழமைக்கு இரண்டு பதிவுப் பாடங்கள். அயற் பாடசாலையில் அதே பாடம் படிப்பிக்கும் ஒருவரோடு மாதம் ஒரு சந்திப்பு. தவணை முடிவில், எந்தப் பிள்ளை முன்னேறியது, எந்தப் பிள்ளைக்கு எட்டவில்லை என்று பெற்றாரும் ஆசிரியரும் கூடிப் பேச வேண்டும். எட்டாத பிள்ளைகளின் பெயர்களில் இருந்துதான் அடுத்த தவணையின் வேலை தொடங்க வேண்டும்.

மத்தேயு நற்செய்தியில் தாலந்து உவமை நாம் எல்லோரும் அறிந்தது. எசமான் கொடுத்த தாலந்தைப் பயத்தினால் நிலத்தில் புதைத்து வைத்த ஊழியன், அதைக் களவு கொடுக்கவும் இல்லை, செலவழிக்கவும் இல்லை. பத்திரமாகவே திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் அவன் கடிந்துகொள்ளப்பட்டான். பூட்டிய அறைக்குள் பொலித்தீன் கழற்றாமல் பத்திரமாக இருக்கும் கணினிகளைப் பார்க்கும்போது அந்த ஊழியனின் நினைவு வருகிறது. அவனது பயத்துக்கும் காரணம் இருந்திருக்கும். நமது ஆசிரியர்களின் பயத்துக்கும் காரணம் உண்டு. அந்தப் பயத்தைப் போக்கும் துணையை நாம் கொடுப்போமானால், அறையின் திறப்பு அதிபரின் லாச்சிக்குள் கிடக்காது.